சுற்றுச்சூழல் அமைப்பில் சம்பள வக்கீலாகப் போகலாமா? உள்ளே இருந்தவங்க சொல்லுங்க

ஜூனியர் வக்கீல், சென்னை:

உயர் நீதிமன்றத்துல ஒரு சீனியர் ஆபீஸ்ல இருக்கேன். சுற்றுச்சூழல் அறக்கட்டளை ஒண்ணு மாசச் சம்பளத்துக்குக் கூப்பிடுறாங்க. எனக்கு ஆசைதான். சீனியர்கிட்ட சொன்னேன். "கவுனைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போகப் போறியா?"ன்னு கேட்டுட்டு வேற பேச்சுக்குப் போயிட்டார். இந்த மாதிரி அமைப்புக்குள்ள வேலை பார்த்தவங்க, அவங்களோட சேர்ந்து வேலை பார்த்தவங்க, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க. அறிவுரை அப்புறம்.

சட்ட ஆலோசகர், சென்னை:

தம்பி, உங்க சீனியர் கிண்டல் பண்ணல, விதியைத்தான் சொல்லியிருக்கார். இந்திய பார் கவுன்சில் விதிகள்ல 49ஆவது விதி. முழுநேரச் சம்பளத்துக்குப் போற வக்கீல் அதை பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துட்டு, அந்த வேலையில இருக்கிற வரைக்கும் பிராக்டிஸை நிறுத்தி வைக்கணும். சிமென்ட் கம்பெனிக்குப் போனாலும் அதேதான், ஆமையைக் காப்பாத்தப் போனாலும் அதேதான்.

சேப்பாக்கம் கலச மஹால்ல பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு நடக்கும்போது நான் பின்வரிசையில கட்டுகளோட உட்கார்ந்திருப்பேன். எழுந்து பேசுறது நாங்க அமர்த்தின கவுன்சல். மனு நான் எழுதினது, தேதிப் பட்டியல் நான் போட்டது. அமர்வு ஒரு கேள்வி கேட்டா பதில் எந்தப் பக்கத்துல இருக்குன்னு எனக்குத் தெரியும், ஆனா சீட்டுல எழுதி முன்னாடி நீட்டத்தான் முடியும். இதுக்கு மனசு ஒப்பாதவங்க வர வேண்டாம். நான் சொல்றது நிஜமாத்தான், நல்ல வாதத்திறமை உள்ள ரெண்டு பேர் இதனாலேயே திரும்பிப் போனாங்க.

அப்ப என்னதான் வேலைன்னா, பாதி நேரம் நாள் கணக்கு. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு போட 30 நாள். தகுந்த காரணம் காட்டினா இன்னும் 60 நாள். அதுக்கு மேல ஒரு நாள் போனாலும் தீர்ப்பாயம் நினைச்சாக்கூட எடுத்துக்க முடியாது. அனுமதி வாங்கின கம்பெனி உள்ளூர்ப் பத்திரிகையில விளம்பரம் போடணும். அது எந்தத் தேதியில, எந்தப் பக்கத்துல வந்துச்சு, பஞ்சாயத்து ஆபீஸ்ல நகல் ஒட்டினாங்களான்னு அலையுறதுதான் நம்ம பொழப்பு. காலையில முதல் வேலையா, சுற்றுச்சூழல் அனுமதிகளை அரசு ஏத்துற பரிவேஷ் இணையதளத்தைத் திறந்து புது அனுமதி ஏதாவது ஏறியிருக்கான்னு பார்ப்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏத்துறவங்க இருக்காங்க.

மறக்க முடியாத ஒண்ணு சொல்றேன். கடலோரக் கிராமம், கருத்துக் கேட்புக் கூட்டம். பந்தல், சாம்பார் சாதப் பொட்டலம், முன்வரிசையில கம்பெனி கூட்டி வந்த ஆளுங்க. ஊர்க்காரங்க பேசி முடிச்சதும் பாதிப் பேர் கிளம்பிட்டாங்க. அதிகாரிகளும் ஃபைலைக் கட்டுறாங்க. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பத்தின 2006ஆம் வருஷ மத்திய அரசு அறிவிக்கையில ஒரு வரி இருக்கு. கூட்டத்தோட முடிவுல, பேசினதோட சுருக்கத்தை வந்திருக்கிறவங்களுக்கு அவங்க மொழியில படிச்சு விளக்கணும், அப்புறம்தான் கையெழுத்து. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து பத்துப் பேர் கையில ஏற்கனவே கொடுத்து வெச்சிருந்தேன். ஒரு பையன் மைக்கைப் பிடிச்சு, "படிச்சுக் காட்டுங்க சார்"னான். படிச்சாங்க. "பொதுமக்கள் வேலைவாய்ப்பு கோரினர், மீன்வளம் குறித்துச் சிலர் ஐயம் எழுப்பினர்." அவ்வளவுதான்.

நண்டு விக்கிற ஒரு அம்மா எழுந்தாங்க. "நான் ஐயமா எழுப்புனேன்? சுடுதண்ணி வந்து விழுற எடத்துல நண்டு முட்டை வைக்காதுன்னு சொன்னேன். அதை எழுது." ரொம்ப நேரம் சத்தம். கடைசியில அந்த அம்மா சொன்னது அப்படியே ஏறிச்சு. மாசக்கணக்கு கழிச்சு மேல்முறையீட்டுல எங்க கவுன்சல் முதல்ல கையில எடுத்தது அந்தப் பத்தியைத்தான். நிபுணர் குழு அதுக்குப் பதிலே எழுதாம அனுமதிக்குப் பரிந்துரை பண்ணியிருந்துச்சு. கோர்ட்டுக்குப் போகாம நான் பண்ணின வேலையில எனக்குப் பிடிச்சது இதுதான்.

பிடிக்காததும் இருக்கு. பிரசாரப் பிரிவுப் பிள்ளைங்க ராத்திரி பதினோரு மணிக்குப் போஸ்டர் அனுப்புவாங்க, "கொலைகாரக் கம்பெனி"ன்னு. அவதூறு வழக்கு வந்தா அறங்காவலர்கள் ஒவ்வொருத்தரும் மாஜிஸ்திரேட் கோர்ட் வாசல்ல நிக்கணும்னு சொல்லி அந்த வார்த்தையை அடிச்சு விடுவேன். "அக்கா, நீங்க நம்ம பக்கமா அவங்க பக்கமா?"ன்னு கேப்பாங்க. தினமும் கேப்பாங்க.

வழக்கறிஞர், திருப்பூர்:

நான் சம்பளத்துக்குப் போகலைங்க. ஒரு அமைப்புக்கு ரீட்டெய்னரா, அதாவது சம்பள ஆளா இல்லாம கட்டணத்துக்கு வழக்கு பாக்கற வெளி வக்கீலா இருக்கறேன். வக்காலத்து நானே போடுவேன், நானே பேசுவேன். வேற வழக்கும் பாத்துக்கலாம். தம்பி இப்படியும் கேட்டுப் பாக்கலாமுங்க.

நொய்யல் கதை எல்லாருக்கும் தெரியும். சாயப்பட்டறைத் தண்ணி ஒரத்துப்பாளையம் அணையில தேங்கி, பாசனத்துக்குக் கட்டின அணையையே விவசாயி மூடச் சொல்ற நிலைமை. ஆயக்கட்டுக்காரங்க, அதாவது அந்தப் பாசன விவசாயிங்க போட்ட வழக்குல 2006 டிசம்பர்ல தீர்ப்பு. அது நடக்காமப் போயி, அவமதிப்பு மனு மேல 2011 ஜனவரியில, சொட்டுக் கழிவு வெளிய விடாத நிலைமை வர்ற வரைக்கும் பட்டறைகளை மூடுன்னு உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. நான் அப்ப புதுசு. அதுல பேசுன ஆளு இல்லீங்க, பின்னாடி வந்த சின்னச் சின்ன வழக்குகள்தான் என்னுது.

ஒரு பெரியவர் வந்தாரு. மஞ்சப்பையில மூணு தண்ணி பாட்டல், ஒண்ணு ஊதா, ஒண்ணு கத்தரிப்பூ, ஒண்ணு கறுப்பு. ஒவ்வொண்ணுலயும் தேதி எழுதி ஒட்டியிருக்காரு. "சாட்சி கொண்டாந்துட்டேன் வக்கீலய்யா"ன்னாரு. இதை எப்படிங்க சொல்றது? தண்ணீர்ச் சட்டம் 21ஆவது பிரிவுல, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆளு நோட்டீஸ் குடுத்து, பட்டறைக்காரன் இருக்கும்போது மாதிரி எடுத்து, ரெண்டாப் பிரிச்சு சீல் வெச்சாத்தான் அந்த ஆய்வு முடிவு சாட்சியமா நிக்கும். பாட்டலைத் திருப்பிக் குடுக்க எனக்கு மனசு வரலை. அமைப்புல இருந்த சம்பள வக்கீலம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். அவங்க பாட்டலை ஓரமா வெச்சுட்டு லேபிளைப் பாத்தாங்க. "ஐயா, இந்த மூணும் என்ன கிழமை?" எல்லாமே ஞாயித்துக்கிழமை விடியக்காலம். கூட்டு ஆய்வுக் குழு எப்பவும் வேலை நாள்ல பதினொரு மணிக்கு வரும், அப்ப ஓடை கண்ணாடியாட்ட இருக்கும். அவங்க அந்தத் தேதிகளை அட்டவணையாப் போட்டு, ஞாயித்துக்கிழமை முன்னறிவிப்பு இல்லாம ஆய்வு வேணும்னு ஒரு மனுத் தயார் பண்ணிக் குடுத்தாங்க. நான் வாதாடினேன், கிடைச்சுது. எனக்கு அந்த யோசனை வந்திருக்காதுங்க. நான் அன்னைக்குக் காலையில மட்டும் நாலு கோர்ட்டு ஏறி எறங்கியிருந்தேன்.

சட்ட உத்தியோகத்தராக இருந்தவர், யாழ்ப்பாணம்:

இஞ்சத்தை நிலைமை வேறை. எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்ச வழக்கு, மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளுக்கை கலந்த சுன்னாகம் வழக்குத்தான். தெற்கில இருந்து ஒரு சூழலியல் அமைப்பைச் சேர்ந்தவர்தான் அடிப்படை உரிமை மனு போட்டவர். 2019 ஏப்ரலில கொழும்பு உயர் நீதிமன்றம் (இஞ்ச அதுதான் நாட்டின்ரை அதியுயர் நீதிமன்றம்) மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. நான் அந்த வழக்கில இருக்கேல்லை. வேறையொரு அமைப்புக்காகக் கிணறு கிணறாப் போய் விபரம் எடுத்தனான்.

அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள்ள மனுப் போடவேணும். அதாலை தேதி முக்கியம். ஒரு அம்மாட்டைக் கேட்டன், "எப்ப அம்மா முதல் எண்ணெய் மணம் வந்தது?" "மாவிட்டபுரத்தில கொடியேறின கிழமை." பக்கத்து வீட்டு ஐயா, "இல்லைப் பிள்ளை, தேருக்கு முதல் நாள், நான் குளிக்க அள்ளினனான்." பஞ்சாங்கத்தை வைச்சுக்கொண்டு இருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் திகதி போட்டு சத்தியக்கடதாசி எழுதினன். எண்ணெய் எந்தப் பக்கத்தால நகர்ந்ததெண்டு அதிலயே விளங்கிச்சுது. நீரியல் படிச்ச ஒரு நண்பர் அந்த அட்டவணையைப் படம் எடுத்துக்கொண்டு போனவர். சம்பளம் குறைவுதான். வருசக் கடைசியில திட்டம் முடிய வேலையும் முடிஞ்சுது. அதையும் சொல்லவேணும்.

மீனவர், எண்ணூர்ப் பக்கம்:

நான் வக்கீல் இல்ல. வக்கீலுங்களப் பாத்தவன். பேசலாமா?

மிக்ஜாம் புயல்ல, 2023 டிசம்பர், ஆத்துல எண்ணெய் வந்துச்சு. எங்க ஆளுங்க பக்கெட்டுல அள்ளுனானுங்க. டிவிக்காரன் வந்தான், கட்சிக்காரன் வந்தான். ஒரு அமைப்புலேர்ந்து வக்கீலம்மா வந்துச்சு, அது மைக்கும் புடிக்கல, எண்ணெயும் அள்ளல. நோட்டு வெச்சினு வீடு வீடா உக்காந்துச்சு. எனக்குக் கோவம். "இன்னாமா, கதை எழுதுறியா?"ன்னு கேட்டுட்டேன்.

அப்பறம் நிவாரணம் வந்துச்சு. குடும்பத்துக்கு 12,500, படகுக்கு 10,000ன்னு. படகு இருக்கறவன் பேரு லிஸ்ட்டுல ஈஸியா ஏறிடும். வாயில பறிக் கூடையக் கடிச்சினு கையால எறால் தடவுற பொம்பளைங்க இருக்காங்க, இருளர் ஜனங்க. அவங்களுக்குப் படகு ஏது, வலை ஏது? அந்த அம்மா நோட்டுல அவங்க பேரு, எந்த எடத்துல எறங்குவாங்க, ஒரு நாளைக்கு எத்தினி கிலோ, யாருக்கு விப்பாங்க, அல்லாம் இருந்துச்சு. அத வெச்சு மனு குடுத்தாங்க. அல்லாருக்கும் வந்துச்சான்னு கேட்டா, இல்ல. ஆனா பேப்பர்ல அவங்க பேரு ஏறுனது அப்பத்தான்.

ஒரு கொறை. ரெண்டு வருசத்துல அந்த அமைப்புல மூணு வக்கீல் மாறிட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் மொதல்லேர்ந்து கதை சொல்லணும். தம்பி வந்தா இருக்கறதுக்கு வா.

ஜூனியர் வக்கீல், சென்னை:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, ஒண்ணு கேக்கணும். ஊருக்கும் அமைப்புக்கும் கருத்து வேற வேறன்னா நாம யார் பக்கம்?

சட்ட ஆலோசகர், சென்னை:

சரியான கேள்வி. இதை நானே முதல்ல எழுதியிருக்கலாம். சம்பளம் கொடுக்கிறது அறக்கட்டளை, அதனால உங்க கட்சிக்காரர் அறக்கட்டளைதான், ஊர் இல்ல. ஒரு வழக்குல ஊர் பேச்சுவார்த்தைக்குத் தயாரா இருந்துச்சு. சாலை, குடிதண்ணி, இருபது பேருக்கு வேலை. எங்க அறங்காவலர்கள் கடைசி வரைக்கும் போகணும்னாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சு. ஊர்த் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க எங்க வக்கீல்தானே?"ன்னு கேட்டார். இல்லைன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. வேற ஒரு வக்கீலை அவங்களே வெச்சுக்கச் சொல்லி, அதுவரைக்கும் நான் வாங்கின ஊர்ப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தேன். அன்னைக்கு அலுவலகத்துல யாரும் என்னோட பேசல.

இப்பல்லாம் ஊர்க்காரங்களை மனுதாரரா சேர்த்தா அவங்களுக்குத் தனி வக்காலத்து, தனி கவுன்சல். நேர்காணலுக்குப் போனா இதைக் கேளுங்க: வழக்கை வாபஸ் வாங்குற முடிவு யார் கையில? அப்புறம், சம்பளம் எந்தப் பணத்துலேருந்து வருது? வெளிநாட்டு நன்கொடைன்னா, அதுக்கான சட்டத்துல 2020ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்னாடி 50 வரைக்கும் போகலாம். வக்கீல் கட்டணமும் அந்தக் கணக்குல வரும். வெளிநாட்டுப் பணம் வாங்குறதுக்கான பதிவு ரத்தானா முதல்ல காலியாகிற நாற்காலி நம்மது. உள்ளூர் நன்கொடையில வர்ற சம்பளம் கொஞ்சமா இருந்தாலும் நிலைக்கும்.

ஜூனியர் வக்கீல், சென்னை:

வியாழக்கிழமை போறேன். ரீட்டெய்னரா எடுத்துப்பாங்களான்னு முதல்ல கேக்குறேன். சரின்னா எண்ணூர் அண்ணன் சொன்னதுக்காகவே பாதியில போகாம நிலைச்சு இருக்கப் பார்க்குறேன்.

வழக்கறிஞர், திருப்பூர்:

நல்லதுங்க. ரீட்டெய்னர்னா கட்டணத்துல பத்து சதவீதம் வருமான வரியா முன்கூட்டியே, டிடிஎஸ்னு புடிப்பாங்க. அந்தச் சான்றிதழை வருசா வருசம் கேட்டு வாங்கிப் போடுங்க, அவங்களா அனுப்ப மாட்டாங்க.