படகு எஞ்சினைப் படுக்க வைத்துக் கொண்டுபோன அனுபவங்கள்

கொல்லங்கோட்டிலிருந்து:
வள்ளத்தின் பின்புறம் மாட்டும் 9.9 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் அது. தேங்காய்ப்பட்டணத்தில் வள்ளத்திலிருந்து கழற்றி, விழிஞ்சத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுவதற்காக லோடு ஆட்டோவில் ஏற்றினோம். சரியான பக்கமாகத்தான் படுக்க வைத்திருந்தோம். வழியில் வேறு சரக்கு ஏற்றிய ஆட்டோக்காரர், இடம் போதவில்லை என்று அதை மறுபக்கமாகப் புரட்டிவிட்டார். விழிஞ்சத்தில் மெக்கானிக் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தபோது, கல்லில் முட்டியதுபோல் அது பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் மறுபடி இழுக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றி, எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு மெதுவாகக் கயிற்றை இழுத்தார். பிளக்குத் துளையிலிருந்து கருத்த ஆயில் பீறிட்டு ஷெட்டுச் சுவரில் அடித்தது. மறுபக்கமாகப் புரட்டியதில் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிட்டது, ஓங்கி இழுத்திருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம் என்றார். பழைய டூ ஸ்ட்ரோக்காக இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு போயிருக்கலாம்.

பூத்துறையிலிருந்து:
அண்ணன் கடைசியாகச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் சம்ப், அதாவது ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி, கிடையாது என்பது உண்மைதான். ஆனால் கூலிங்குக்காக ஏறிய கடல்நீர் உள்ளே தங்கியிருக்கும்போது தலைப்பகுதியைத் தாழ்த்திப் பிடித்தால், அந்த நீர் புகைபோகும் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். எங்கள் பக்கத்து வீட்டு எஞ்சினைக் கடலரிப்புத் தடுப்புக் கல்லின் மேல் தலைகீழாகச் சரித்துத் தூக்கிவந்தார்கள். மறுநாள் பிளக்கைக் கழற்றியபோது அதன் முனையில் உப்புநீர் சொட்டியது. எனவே எந்த எஞ்சினானாலும், கழற்றியதும் நட்டமாக நிறுத்தி, தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகே படுக்க வைக்க வேண்டும். அப்போதும் புரொப்பெல்லர் பக்கத்தைவிடத் தலை உயர்ந்தே இருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன்பே எரிபொருள் குழாயைப் பிடுங்கிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது எரிந்து தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி முழுவதும் பெட்ரோல் கசியும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரும்பாலும் எஞ்சினிலேயே குறி போட்டிருப்பார்கள். அடியில் பழைய டயரோ சாக்கோ போடுங்கள். தாங்கி அடித்து நட்டமாகவே கொண்டுபோக முடிந்தால் இவ்வளவு கவலையும் வேண்டாம்.

பழவேற்காட்டிலிருந்து:
நீங்கள் இருவரும் வண்டியில் ஏற்றிய பிறகு நடந்ததையே பேசுகிறீர்கள். எங்கள் ஏரி ஆழம் குறைந்தது. படகு மிதக்கும்போதே, இடுப்பளவு நீரில் நின்றுதான் எஞ்சினைக் கழற்றுவது வழக்கம். ஒருமுறை ஆந்திரக் கரையில் இருவர் எஞ்சினைப் படகோடு இறுக்கியிருந்த கிளாம்பு திருகுகளைத் தளர்த்தித் தூக்கிய அதே நொடியில் படகு பின்வாங்கியது. ஏறத்தாழ 40 கிலோ எடை நான்கு கைகளில் தொங்கியது. ஒருவருடைய கால் சேற்றில் புதைந்து கொண்டிருந்தது. படகின் பின்பகுதியான அமரத்தோடு எஞ்சினைக் கட்டியிருந்த பாதுகாப்புக் கயிற்றை அவர்கள் அதுவரை அவிழ்க்காததால்தான் எஞ்சின் தண்ணீருக்குள் போகவில்லை. பூத்துறை நண்பர் இவ்வளவு அறிவுரை எழுதியும், அந்தக் கயிற்றை எப்போது அவிழ்ப்பது என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. எஞ்சின் கரையைத் தொட்ட பிறகுதான் அவிழ்க்க வேண்டும்.