அப்பாவின் காரை இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், எப்படிக் கொடுப்பது?

மூக்குக்கண்ணாடி எழுதியது:
அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. அவருடைய கார் உறை போர்த்தியபடி வாசலிலேயே நிற்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது, அம்மாவுக்கோ அதை விற்றுக் காசாக்க மனசில்லை, 'யாராவது இல்லாதவங்களுக்குக் கொடுத்திடு' என்கிறார். பன்னிரண்டு வருடப் பழசு, அப்பா இருந்தவரை நன்றாக ஓடியது. கூடவே அவருடைய சக்கர நாற்காலி, பிரிக்காத மாத்திரை அட்டைகள், ஒரு பீரோ நிறைய துணி, என் பழைய லேப்டாப். தெரிந்த குடும்பம் ஒன்று கஷ்டத்தில் இருக்கிறது, அந்த வீட்டு அண்ணனுக்கு ஓட்டத் தெரியும், வாடகைக்கு ஓட்டியாவது பிழைப்பார். அவருக்கே நேராகக் கொடுக்கவா, அறக்கட்டளை ஏதாவது பார்த்து ஒப்படைக்கவா?

கிடங்குக்காரன்:
முதலில் வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அப்பா பெயரிலேயே இருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றின பிறகுதான் அடுத்த பேச்சு. சாவியை மட்டும் கையில் கொடுத்துவிட்டு வந்தால் நாளைக்கு அந்த வண்டி எங்கேயாவது மோதினால் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கடன் பாக்கி இருந்தால் அதையும் முடித்திருக்க வேண்டும்.

அறக்கட்டளை என்றால் பெரும்பாலும் காரை யாருக்கும் அப்படியே கொடுக்க மாட்டார்கள், ஏலத்தில் விற்றுப் பணத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள், ஓடாத வண்டி நேரே உடைக்கப் போகும். அதில் தப்பில்லை, ஆனால் நடுவில் இருக்கும் ஏஜென்ட்டுக்கு எவ்வளவு, அவர்கள் கைக்கு எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். அப்புறம், வண்டித் திரையில் பதிந்திருக்கும் போன் நம்பர்கள், வீட்டு விலாசம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

ஓரமாக நிற்பவள்:
நான் வாங்கிய பக்கம் இருந்து சொல்கிறேன். எங்களுக்கும் ஒருவர் நல்ல மனதோடு கார் கொடுத்தார். முதல் மாதமே பேட்டரி போனது. டயர் பார்க்கப் பளபளவென்று இருந்தது, ஆனால் மெக்கானிக் குனிந்து ஓரத்தில் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார், 1411 என்று. 2011ஆம் வருடம் 14ஆவது வாரம் செய்தது, பத்து வயசைத் தாண்டிவிட்டது, இதில் குழந்தைகளை ஏற்றாதீர்கள் என்றார். நாலு டயர், இன்சூரன்ஸ், பெட்ரோல் என்று ஒவ்வொன்றுக்கும் கடன் வாங்கினோம். விற்றுவிடலாம் என்றால் கொடுத்தவர் பார்க்கும்போதெல்லாம் 'வண்டி எப்படி ஓடுது?' என்று கேட்பார், எந்த முகத்தோடு விற்பது? எட்டு மாதம் சும்மா நிறுத்தி வைத்திருந்தோம். அந்த அண்ணனுக்கு அப்படியொரு நிலைமை வர வேண்டாம். இன்னொன்று, சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்குப் பொதுவாகச் செல்லாது, அனுமதியும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். கொடுக்கும் முன்னால் ஒரு தடவை கேளுங்கள் தம்பி.

நேர்ப்பேச்சு:
எனக்கென்னவோ விற்றுப் பணமாகக் கொடுப்பதே மேல். அம்மா மனசு ஒத்துக்கொள்ளாது, அது வேற விஷயம்.

கிடங்குக்காரன்:
மற்ற சாமான்களைச் சொல்ல விட்டுப்போச்சு. மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள், மருந்துக்கடையில் திரும்ப வாங்கி அழிப்பார்களா என்று கேளுங்கள். லேப்டாப்பில் கோப்புகளை டெலீட் செய்தால் மட்டும் போதாது, முழுதாக அழித்து சார்ஜரோடு கொடுங்கள், சார்ஜர் இல்லாத லேப்டாப் எங்கள் கிடங்கில் குவிந்து கிடக்கிறது. துணியைத் துவைத்து, பட்டன் இருக்கிறதா என்று பார்த்துக் கட்டுங்கள். 2004 சுனாமி சமயத்தில் வந்த பழைய துணி மூட்டைகள் கேட்பாரில்லாமல் தெருவோரம் கிடந்ததை மறக்க முடியாது, வீடு இழந்தவர்கள் என்றால் கிழிசலைக்கூட உடுத்துவார்கள் என்று யார் சொன்னது?

மூக்குக்கண்ணாடி:
எல்லோருக்கும் நன்றி. உறையை எடுத்து டயரைப் பார்த்தேன், 3213. வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை. நேற்று அந்த வீட்டுக்குப் போய் நேராகவே கேட்டுவிட்டேன். அண்ணன் பதில் சொல்லாமல் சிரித்தார். அக்காதான், 'காரை வச்சு என்ன செய்றது தம்பி, அந்த நாற்காலியைத் தருவீங்களா, மாமியாரை வெயில்ல உட்கார வைக்க' என்றார். காரை விற்கலாமா என்று அம்மாவிடம் இன்னும் பேச்செடுக்கவில்லை. நாற்காலியில் இடது பக்கப் பிரேக் பிடிக்கவில்லை, அதைச் சரி செய்ய நாளைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன்.