எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி மூணு மாசம் ஆச்சு, எஃப் கார்டும் வரல, இரைச்சலும் நிக்கல

திருப்பூர்_ஆறுகம்பி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வயசு 31, திருப்பூர்ல பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருக்கேன். ஸ்கூல் படிக்கும்போது மாரியம்மன் கோயில் திருவிழால ஆர்கெஸ்ட்ரா போட்டாங்க, ஸ்டேஜுக்குப் பக்கத்துல நின்னு எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கறவரோட கையையே பாத்துட்டு இருந்தேன், அன்னைல இருந்து ஆசை. இந்த தீபாவளி போனஸ்ல தான் வாங்க முடிஞ்சுது. ஸ்ட்ராட் மாடல், மூணு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்றதை கரண்ட் சிக்னலா மாத்தற காந்தச் சுருள்), 10 வாட்ஸ் ஆம்ப், கேபிள், பை எல்லாம் சேத்து ஒரே செட்டா குடுத்தாங்க.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல, பாப்பா தூங்குனதுக்கு அப்புறம் ஹெட்ஃபோன் போட்டு அரை மணி நேரம் வாசிக்கறேன். ஏ மைனர், ஈ மைனர், சி கார்டு (பல ஸ்வரத்தைச் சேத்து ஒண்ணா அடிக்கறது) எல்லாம் சுமாரா வருது. எஃப் மட்டும் எவ்ளோ அழுத்துனாலும் ரெண்டு கம்பி செத்துப் போயிடுது, கட்டை விரலுக்குக் கீழ வலி எடுக்குது. சத்தத்தைக் கரகரன்னு ஆக்கற டிஸ்டார்ஷன் போட்டா இன்னும் மோசம், ஒரு கார்டு அடிச்சா கூட எல்லாக் கம்பியும் சேந்து கத்துது, அடிக்காதப்பவும் ஆம்ப்ல இருந்து ம்ம்ம்னு ஒரு சத்தம் வந்துட்டே இருக்கு. மூணாவது கம்பி பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா சுருதி விலகுது.

கூட வேலை பாக்கற ஒருத்தர் "மொதல்ல கரண்ட் இல்லாத அக்கூஸ்டிக் கிட்டார் ஒரு வருஷம் வாசிச்சுட்டு தான் எலெக்ட்ரிக் தொடணும், தப்பு பண்ணிட்ட"ங்கறார். போன வாரம் நாலு நாள் பையை விட்டு வெளிய எடுக்கவே இல்லைங்க. விக்கவும் மனசு வரல. என்னோட கை தான் இதுக்கு சரிப்படாதா, இல்ல வேற ஏதாவது தப்பா பண்றனா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மதுரை_ஃப்ரெட்டு:

தம்பி, விக்காதீங்க. இருபது வருஷமா கிட்டார் ரிப்பேர் பாக்குறேன், நீங்க எழுதுனதுல பாதி உங்க கைப் பிரச்சினையே இல்ல, கிட்டாரோட பிரச்சினை. கம்மி விலை கிட்டார் ஃபேக்டரில இருந்து வர்றப்ப கம்பியை ஒசரத்துல வச்சுத்தான் அனுப்புவாங்க, கடைலயும் நிறைய பேரு அப்படியே எடுத்துக் குடுத்துர்றாங்க, கம்பி ஒசரத்தைச் சரி பண்ற செட்டப்னு ஒண்ணு பண்ணணும்னே வாங்குறவங்களுக்குச் சொல்றதில்ல. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு, எத்தனையோ பிள்ளைங்க இதனாலயே விட்டுட்டுப் போயிருக்குங்க.

இப்பவே ஒண்ணு பாருங்க. ஆறாவது கம்பியை (இருக்குறதுலயே தடிச்சது) மூணாவது ஃப்ரெட்ல (நெக்குன்னு சொல்ற நீளக் கைப்பிடி மேல குறுக்க பதிச்ச உலோகப் பட்டி) அழுத்திப் புடிச்சுக்கிட்டு, மொத ஃப்ரெட்டு மேல கம்பி எவ்ளோ தூக்கி நிக்குதுன்னு கண்ணு பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரு பேப்பர் நுழையிற அளவு சந்து இருந்தா போதும். விசிட்டிங் கார்டு ரெண்டு நுழைஞ்சா நட்டு (கிட்டார் தலைப்பக்கம் கம்பி உக்கார்ற பள்ளம் வெட்டுன சின்னக் கட்டை) ஒசரமா இருக்குன்னு அர்த்தம். எஃப் கார்டை மொத ஃப்ரெட்ல தான புடிக்கிறீங்க, அது நட்டுக்கு ஒட்டி இருக்கு, அங்க கம்பி தூக்கி நின்னா எந்தக் கையாலயும் ஒழுங்காப் புடிக்க முடியாது. அடுத்து 12வது ஃப்ரெட்ல, அழுத்தாம, ஸ்கூல் ஸ்டீல் ஸ்கேல் வச்சு ஃப்ரெட்டு மேல இருந்து கம்பிக்கு அடி வரைக்கும் அளந்து பாருங்க. தடிக் கம்பிக்கு 2 மில்லிமீட்டர், மெல்லிசுக்கு ஒண்ணரை, அந்த வாக்குல இருந்தா நல்லது.

போன மாசம் ஒரு காலேஜ் பொண்ணு, எட்டு மாசமா எஃப் வரலன்னு கொண்டு வந்துச்சு. வந்ததும் "அண்ணே எனக்கு விரல் குட்டை"ன்னு தான் ஆரம்பிச்சுச்சு. நட்டுப் பள்ளத்தை ஃபைல் போட்டு எறக்கி, நெக்கை நேர் பண்ணி, அங்கேயே ஸ்டூல்ல உக்காரச் சொல்லிக் கையில குடுத்தேன். ஆறு கம்பியும் கேட்டுச்சு. பேசாம அந்த ஒத்தக் கார்டையே திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, நானும் வேலையை நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

நட்டுல நீங்களா கை வைக்காதீங்க, ஒரு இழை ஆழமாப் போயிட்டாலும் சும்மா அடிக்கிற கம்பி ஃப்ரெட்ல இடிச்சுக்கிட்டு கிர்ருனு வரும், அப்புறம் நட்டையே மாத்தணும். தெரிஞ்சவர்ட்ட குடுத்து ஒரு செட்டப் பண்ணிருங்க, கம்பி 10 நம்பர் போட்டிருந்தா அதைவிட மெல்லிசான 9க்கு மாத்தச் சொல்லுங்க, அதுவே அழுத்துறதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியும்.

மூணாவது கம்பி விலகுறதுக்கு, டியூன் பண்றப்ப நட்டுப் பக்கம் டிங்குனு ஒரு சத்தம் வருதா பாருங்க. வந்துச்சுன்னா கம்பி பள்ளத்துல மாட்டிக்கிட்டு இருக்கு. கம்பியைத் தளர்த்தி, பென்சில் முனையை அந்தப் பள்ளத்துல நாலு தடவை தேய்ங்க, பென்சில் கரி வழுக்கிக் குடுக்கும். டியூன் பண்றப்ப சுருதிக்குக் கீழ எறக்கிட்டு அங்கிருந்து ஏத்திக்கிட்டே வந்து நிறுத்துங்க, மேல போயிட்டு எறக்கி நிறுத்துனா நிக்காது.

அந்த ம்ம்ம் சத்தம் சிங்கிள் காயிலோட சுபாவம், நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அது பிக்கப்புல ஏறுது. அஞ்சு வழி ஸ்விட்ச்சை ரெண்டாவது இல்ல நாலாவது இடத்துல வச்சுப் பாருங்க, நிறைய ஸ்ட்ராட் மாடல்ல அங்க ரெண்டு பிக்கப் சேந்து இரைச்சலைக் குறைச்சிடும். எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், செல்போன் சார்ஜர் இதுகளை விட்டு நகந்து உக்காருங்க. கம்பியைத் தொட்டா சத்தம் குறையுதுன்னா பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா தொட்டா சுள்ளுனு ஷாக் அடிச்சா உடனே பிளக்கைப் புடுங்கிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் பாக்கச் சொல்லுங்க, ஆம்போட மூணு பின் பிளக்கை ரெண்டு பின்னா மாத்தி மட்டும் சொருகவே சொருகாதீங்க, இது விளையாட்டு இல்ல.

ரிதம்_தாம்பரம்:

மதுரை அண்ணன் கிட்டாரைப் பத்தி சொல்லிட்டாரு, நான் கையைப் பத்தி சொல்றேன் ப்ரோ. அக்கூஸ்டிக் முடிச்சுட்டு தான் வரணும்னு எதுவும் இல்ல, உங்களுக்கு எந்த சவுண்டு புடிக்குதோ அதுல ஆரம்பிங்க. எலெக்ட்ரிக்ல கம்பி மெல்லிசு, அழுத்த ஈஸி. ஆனா அக்கூஸ்டிக்ல இந்த அளவுக்கு தேவைப்படாத ஒரு வேலை இங்க இருக்கு, அதை யாரும் ஆரம்பத்துல சொல்லித் தர மாட்டாங்க. அடிக்கற கம்பியை விட அடிக்காத கம்பியை சும்மா வைக்கறது தான் பெரிய வேலை. டிஸ்டார்ஷன் சின்னச் சத்தத்தையும் தூக்கிக் காட்டிடும், விரல் லேசா உரசினா கூட அது பெரிசா கேக்கும், அதான் உங்களுக்கு எல்லாக் கம்பியும் கத்துற மாதிரி இருக்கு.

இப்படி ட்ரை பண்ணுங்க. முழு கார்டை விட்டுட்டு பவர் கார்டு எடுங்க, ரெண்டே கம்பி. அஞ்சாவது கம்பில மூணாவது ஃப்ரெட்ல ஆள்காட்டி விரல், நாலாவது கம்பில அஞ்சாவது ஃப்ரெட்ல மோதிர விரல், இது சி பவர் கார்டு. இப்போ ஆள்காட்டி விரல் நுனியை ஒரு நூல் அளவு மேல தள்ளி ஆறாவது கம்பியை லேசா தொட்டுக்கிட்டே இருக்க மாதிரி வைங்க, அழுத்தக்கூடாது, தொட்டா போதும். அதே விரலோட அடிப்பக்கம் படுத்த மாதிரி கீழ இருக்கற மூணு மெல்லிசு கம்பி மேல சாஞ்சு கிடக்கட்டும். இப்போ ஆறு கம்பியையும் சேத்து ஓங்கி அடிங்க. ரெண்டு கம்பி மட்டும் தான் பாடணும், மத்த நாலும் டப்புனு தான் கேக்கணும். அது வர்ற வரைக்கும் விரலை ஒரு இழை இப்படி அப்படி நகத்திப் பாருங்க, அந்த இடம் கிடைச்சதும் கை ஞாபகம் வச்சுக்கும்.

அப்புறம் மெட்ரோனோம் (டிக் டிக்னு தாளம் எண்ணிக் குடுக்கற கருவி) நிமிஷத்துக்கு 60ல வச்சு, ஒண்ணு ரெண்டு சத்தம், மூணு நாலு முழு அமைதி. மூணு வந்ததும் இடது கை அழுத்தத்தை மட்டும் விடுங்க, கம்பியை விட்டு விரலை எடுக்காதீங்க, அதே நேரம் வலது உள்ளங்கை ஓரம் பிரிட்ஜ் (உடம்புப் பக்கம் கம்பி மாட்டியிருக்கற இடம்) பக்கம் கம்பி மேல வந்து உக்காரணும். அந்த ரெண்டு எண்ணிக்கைல ஹெட்ஃபோன்ல எதுவுமே கேக்கக் கூடாது. நான் பேண்டுல சேந்தப்ப எங்க டிரம்மர் என்னை மூணு வாரம் இதை மட்டும் பண்ண வச்சாரு, அப்போ கோவமா வந்துச்சு, இன்னைக்கு எனக்கு தெரிஞ்சதுல பாதி அந்த மூணு வாரத்துல கத்துக்கிட்டது தான்.

ஆம்ப்ல டிஸ்டார்ஷனைக் கூட்டற கெயின் குமிழை ஃபுல்லா வைக்காதீங்க, பாதிக்கும் கீழ வைங்க. மொதல்ல கிளீன்ல, சரியா வந்ததும் கெயின் ஏத்துங்க.

உறையூர்_சுருதி:

தம்பி, வயசைப் பத்தி நான் சொல்லலாம்னு நினைக்கறேன். நான் 43 வயசுல ஆரம்பிச்சேன், பையன் ஹாஸ்டலுக்குப் போனப்புறம் அவன் விட்டுட்டுப் போன கிட்டார் தான். ஸ்கூல் டீச்சர், கரெக்‌ஷன் நோட்டு கட்டு கட்டா இருக்கும், தினம் அரை மணி நேரம் எனக்குக் கிடைச்சதே இல்ல. கிடைச்ச பத்து நிமிஷத்தை விடாம வாசிச்சேன். கிட்டாரைப் பையில வைக்காதீங்க, இது தான் நான் சொல்ற முக்கியமான விஷயம். செவுத்துல ஒரு கொக்கி அடிச்சு பாப்பா கைக்கு எட்டாத உசரத்துல மாட்டி வைங்க, போகும்போதும் வரும்போதும் கண்ணுல படணும், பையோட ஜிப்பைத் திறக்கற சோம்பலே நாலு நாளைத் தின்னுடும். வாசிச்சு முடிச்சதும் பழைய பனியன் துணியால கம்பியைத் துடைங்க, கை வேர்வைக்குக் கம்பி சீக்கிரம் துருப் பிடிக்கும்.

விரல் நுனி எரியறது சாதாரணம், சில வாரத்துல தோல் காய்ச்சுப் போயிடும். ஆனா கட்டை விரலுக்குக் கீழ வலி, மணிக்கட்டு வலி வந்தா அன்னைக்கு நிறுத்திடணும், அதைத் தாங்கிக்கிட்டு வாசிக்கறதுல எந்தப் பெருமையும் இல்ல. எஃப் புடிக்கறதுக்கு முன்னாடி அதே வடிவத்தை அஞ்சாவது ஃப்ரெட்ல புடிச்சுப் பாருங்க, அது ஏ மேஜர், அங்க கம்பி இளகலா இருக்கும். அங்க வந்ததும் வாரம் ஒரு ஃப்ரெட்டா கீழ இறங்குங்க.

பிளாக் சாபத் பேண்டோட கிட்டார் கலைஞர் டோனி அயோமி 17 வயசுல, 1965ல, பர்மிங்காம்ல தகரப் பட்டறை மெஷின்ல ரெண்டு விரல் நுனியைப் பறிகொடுத்தவர். அவர் இடது கைக்காரர், அதனால போனது கம்பியை அழுத்தற வலது கை விரல். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு, மேல லெதர் ஒட்டி, கம்பி அழுத்தம் தாங்கலன்னு மெல்லிசா பேஞ்சோ கம்பி போட்டு வாசிச்சார், பின்னாடி சுருதியையும் கீழ இறக்கிக்கிட்டார். மெல்லிசு கம்பி போடறதையோ, அரை சுருதி இறக்கி வாசிக்கறதையோ யாராவது குறைவா பேசினா காதுல வாங்கிக்காதீங்க.

இன்னொண்ணு. நமக்கு பாட்டு கேட்டு வளர்ந்த காது இருக்கு, அதைப் பயன்படுத்துங்க. மூணாவது கம்பில 9வது ஃப்ரெட்டை வாசிங்க, அந்த ஸ்வரத்தை வாயால பாடுங்க, அப்புறம் 7வது ஃப்ரெட்ல மோதிர விரலை வச்சு, பின்னாடி நடு விரலும் ஆள்காட்டி விரலும் துணைக்கு சேந்து கம்பியை மேல தள்ளி அதே ஸ்வரத்துக்குக் கொண்டு வாங்க. வீணைல கம்பியை இழுத்து கமகம் கொண்டு வர்றதும் இதே வித்தை தான். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கையில இருந்ததும் எலெக்ட்ரிக் தான், ஜோடிக் கம்பியை விட்டுட்டு அஞ்சு ஒத்தைக் கம்பி வச்சு அதுல கர்நாடக சங்கீதம் வாசிச்சார், சத்தம் நீண்டு நின்னதால தான் அவ்ளோ வளைவும் கேட்டுச்சு.

திருப்பூர்_ஆறுகம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, பதில் போட பத்து நாள் ஆயிடுச்சு. ஸ்கேல் வச்சு அளந்தேன், 12வது ஃப்ரெட்ல மூணரை மில்லிமீட்டர் இருந்துச்சு, விசிட்டிங் கார்டு ரெண்டும் நுழைஞ்சுது. ஞாயித்துக்கெழம கோயமுத்தூர் போயி ஒருத்தர்ட்ட செட்டப் பண்ணி 9 நம்பர் கம்பி போட்டு வந்தேன். பஸ்ல வரும்போதே பையைத் திறந்து ஒருக்கா எஃப் புடிச்சுப் பாத்தேன், அஞ்சு கம்பி கேட்டுச்சுங்க, ரெண்டாவது கம்பி மட்டும் இன்னும் செத்து தான் இருக்கு. தாம்பரம் தம்பி சொன்ன அமைதி பயிற்சி தான் கஷ்டமா இருக்கு, மூணு வர்றப்ப வலது கை லேட்டா வருது, ஆனா ஒரு தடவை ரெண்டு எண்ணிக்கை முழுசா ஒண்ணுமே கேக்காம இருந்துச்சு, ஹெட்ஃபோன் கழண்டுருச்சோன்னு தொட்டுப் பாத்தேன். கிட்டார் இப்ப ஹால்ல கொக்கில தொங்குது. பாப்பா அதைக் காட்டி அப்பா அப்பாங்குது.

அந்த ரெண்டாவது கம்பிக்கு என்ன பண்றதுங்க?

மதுரை_ஃப்ரெட்டு:

ஆள்காட்டி விரலை நேரா வைக்காம கொஞ்சம் நட்டுப் பக்கமா உருட்டி, எலும்பு இருக்கிற ஓரத்தால அழுத்துங்க. உங்க விரல் மடிப்பு சரியா அந்தக் கம்பி மேல விழுகுதுன்னு நினைக்கிறேன், அரை சென்டிமீட்டர் மேலயோ கீழயோ நகத்திப் பாருங்க. சரியா வந்ததும் இங்க வந்து சொல்லுங்க தம்பி.