கலைச்சொல்: சாய்த்து இறக்கும் பாய்மரத்தின் அடிப்பகுதிக்குப் பெயர்

வணக்கம்.

பழைய சிறு பாய்ப்படகுகளில் பாய்மரத்தைச் சாய்த்து இறக்குவதற்காகத் தளத்தின் மீது பொருத்தப்படும் கீல் வைத்த தகட்டுக்குக் ‘கீல் அடி’ என்ற சொல்லை நண்பர் முன்மொழிந்திருக்கிறார். கதவுக்குப் பொருந்தும் இச்சொல் படகில் இடறுகிறது. படகின் முதுகெலும்பாகிய ஏராவை இன்று பலரும் ஆங்கில ஒலிப்பிலேயே ‘கீல்’ என்று எழுதுகிறார்கள். போதாக்குறைக்கு, தாருக்கும் தமிழில் கீல் என்ற பழம்பெயர் உண்டு. பாய்மரம் தளத்தைத் துளைத்துக்கொண்டு ஏரா வரை இறங்கி நிற்பது ஒரு முறை, தளத்தின் மேலேயே நிற்பது மற்றொரு முறை. கீல்தகடு பின்னதற்கே உரியது. ‘கீல் அடி’ என்று படிப்பவரோ முன்னதையே நினைப்பார்; சொல் நேரெதிர்ப் பொருளைத் தந்துவிடும். ‘அடி’ நீள அளவாகவும் இருப்பதால், ‘20 அடி பாய்மரத்தின் அடி’ என்று எழுத நேரும் சங்கடமும் இருக்கிறது.

‘மடக்குப் பாய்மரம்’ என்ற இன்னொரு பரிந்துரையையும் என்னால் ஏற்க இயலவில்லை. மடக்குவது என்றால் நடுவில் மடிவது. இங்கே மரம் மடிவதில்லை, முழு நீளத்தோடு சாய்கிறது. சங்க வழக்கில் பாய்மரத்தைக் குறித்த ‘கூம்பு’ அழகான சொல்தான், ஆனால் இன்றைய வாசகருக்கு அது வடிவியல் உருவம் மட்டுமே.

பெயரிடுவதற்கு முன் அந்த உறுப்பு செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். படகு ஓடும்போது அடிப்பகுதியில் இறங்கும் அழுத்தம் மரத்தின் எடையால் வருவது கொஞ்சமே. மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பிகளின் இழுவையால் வருவதே மிகுதி. மரம் நிமிர்ந்து நிற்கையில் அந்த அழுத்தம் பாதத்தின் முழுப் பரப்பு வழியாகத் தகட்டிலும், அங்கிருந்து தளத்துக்குக் கீழே நிற்கும் தாங்குதூணிலும் இறங்க வேண்டும். கீலின் ஆணி அதைச் சுமக்கவே கூடாது. பழைய படகில் தளத்தின் உள்ளீடாக வைத்த பால்சா என்ற எடை குறைந்த மரம் நீர் ஊறி மெலிந்திருந்தால், எவ்வளவு நல்ல தகட்டை வைத்தாலும் அது தளத்தோடு சேர்ந்து அமுங்கும். ஆகவே இவ்வுறுப்பு முதலில் ஒரு பீடம், பிறகுதான் கீல். பெயரின் தலைச்சொல்லும் ‘பீடம்’ என்றே அமைவது பொருத்தம் என்பது என் கருத்து.

இதன்படி நான் முன்வைப்பது ‘சாய்மரப் பீடம்’. சாயும் மரத்துக்கான பீடம் என்று விரியும். பீடம் சாய்வதாகப் பொருள்படாது. மரத்தின் கீழ்முனையைப் ‘பாதம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். புதிய தகட்டின் கனத்தால் மரம் உயர்ந்துவிடும்; கம்பிகளை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் திருகான டர்ன்பக்கிளில் தளர்த்த இடமில்லாவிட்டால் பாதத்தை அதே அளவுக்கு அறுக்க வேண்டும். இப்படி எழுதும்போது பாதம் எது, பீடம் எது என்ற குழப்பம் நேராது.

இருபுறமும் நிமிர்ந்து நிற்கும் தகடுகளுக்கு நடுவே மரத்தைப் பிடித்து, தளத்திலிருந்து சற்று உயரத்தில் ஆணி கோத்திருக்கும் டேபர்னாக்கிள் அமைப்புக்கும் இதே பெயரைச் சூட்டலாமா என்று கேட்டிருந்தார்கள். கூடாது. அதற்குச் ‘சாய்மரக் கூடு’ என்று தனிப்பெயர் வேண்டும், ஏனெனில் இறக்கும்போது இரண்டும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. கூட்டில் பக்கத் தகடுகள் மரத்தின் பக்கவாட்டு ஆட்டத்தை ஓரளவேனும் தாங்கும். தட்டையான பீடத்திலோ அந்த உதவி மிகக் குறைவு: பக்கக் கம்பிகள் படகோடு பிணைக்கப்பட்ட இடம் கீலின் அச்சுக்குப் பின்னால் இருந்தால், மரத்தைப் பின்னோக்கி இறக்கத் தொடங்கியதுமே அவை தளர்ந்துவிடும், மரம் ஒருபுறமாகச் சரிந்து கீலையே முறுக்கிப் பிய்த்துவிடக்கூடும். அதைத் தடுக்க, அச்சுக்கு நேரே பிணைத்த தற்காலிகப் பக்கக் கயிறுகள் தேவைப்படும். இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால் கூட்டுக்கு எழுதிய செய்முறையைப் பீடத்தில் ஒருவர் செய்து பார்ப்பார்.

எஞ்சியிருப்பது ஆணியின் பெயர். கதவுக் ‘குடுமி’ சொல்லப்பட்டது. அது நிலைக்குத்தாக நின்று சுழல்வது, இதுவோ படகுக்குக் குறுக்கே கிடப்பது. ‘சுழலாணி’ போதும். ஆனால் அது செல்லும் துளையை வெறுமனே ‘துளை’ என்று எழுதாமல் ‘நீள்துளை’ என்றே குறிக்க வேண்டுகிறேன். இறுக்கமான வட்டத் துளை போட்டால், பாதம் பீடத்தில் சரியாக அமராமல் முழு அழுத்தமும் ஆணியில் ஏறிவிடும்.