அப்பாவின் 110 கொரோலாவில் போன் பாட்டு: கசெட் செட்டைக் கழற்றுவதா, வைத்திருப்பதா?

உப்புவெளி 110

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய 110 கொரோலா இப்போது என் கையில் இருக்கிறது. 1997இல் செய்தது, ஜப்பானில் ஓடி இங்கே வந்தது. டாஷ்போர்ட்டில் டொயோட்டாவின் சொந்தக் கசெட் ரேடியோ அப்படியே இருக்கிறது. கசெட் ஓடுகிறது, ரேடியோ எடுக்கிறது, முன்னும் பின்னும் ஸ்பீக்கர் பேசுகிறது. என் பாட்டெல்லாம் போனில். தினமும் திருகோணமலையின் உப்புவெளியில் இருந்து சீனக்குடாவுக்கு வேலைக்குப் போகிறேன், மாதத்தில் ஒரு தரம் கொழும்பு. கராஜில் கேட்டால் "இதைக் கழற்றிப் போட்டுவிட்டு அண்ட்ரொயிட் செட் ஒன்றைப் பூட்டு" என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. செட்டைக் கழற்றாமல் போன் பாட்டைக் கேட்க என்ன வழி? போனில் இயர்போன் துளை கிடையாது, டைப்-சி மட்டும்தான்.

நிலாவெளி வான்

தம்பி, கராஜ்காரர் சொன்னதுதான் சரி. நான் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓடுகிறவன். கசெட் செட்டோடு ஐந்து வருடம் மல்லுக்கட்டிவிட்டுத்தான் சொல்கிறேன். புது செட் பூட்டினால் புளூடூத், யூஎஸ்பி, கைபடாமல் போன் பேசுவது, பின்பக்கக் கமரா எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அவ்வளவு காலமும் நாங்கள் எல்லோரும் இருந்த காரையே வைத்து ஓட்டினோம். இன்னும் பல வருடம் ஓட்டப் போகிறோம். அப்படியிருக்க, தினமும் கைபடுகிற பொருளை ஏன் பழையதாகவே வைத்திருக்க வேண்டும்?

உவர்மலை

கழற்ற வேண்டாம். கசெட் அடப்டர் ஒன்று வாங்கு, வேலை முடிந்தது. கசெட் வடிவத்திலேயே இருக்கும், வால் போல ஒரு வயர் வெளியே வரும், அதைப் போனில் குத்த வேண்டும். போனில் துளை இல்லையென்றால் டைப்-சியில் இருந்து 3.5 மில்லிமீற்றருக்கு மாற்றுகிற குட்டி வயர் கடைகளில் இருக்கிறது.

உள்ளே நடப்பது மிக எளிது. செட்டில் இருக்கிற ஹெட் நாடாவில் உள்ள காந்த மாற்றத்தை வாசிக்கிறது. அடப்டருக்குள் அதே மாதிரி ஒரு ஹெட் இருக்கிறது. போனின் மின்சாரம் அதைக் காந்தமாக்க, எதிரே இருக்கிற செட்டின் ஹெட் அதை நாடா என்றே எண்ணி எடுத்துக்கொள்கிறது. நடுவில் நாடாவே இல்லாததால் நாடாவின் இரைச்சலும் இல்லை. 1963இல் பிலிப்ஸ் கொண்டு வந்த கசெட் முறை, செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகம், இன்றைய போனுக்கும் கதவு திறக்கிறது. எனக்கு இதில் இன்றும் ஆச்சரியம்தான்.

ஒன்று மட்டும் கவனம். செட்டில் நாடா இரைச்சலைக் குறைக்கிற டொல்பி பொத்தான் இருந்தால் அதை நிறுத்திவிடு, இல்லையென்றால் உயர்ந்த ஒலியெல்லாம் மந்தமாகிவிடும். போனின் சத்தம் முக்கால்வாசியில் இருக்கட்டும். மிச்சத்தைச் செட்டில் கூட்டு.

மூதூர் வழி

அடப்டர் என் காரில் சரிவரவில்லை. ஓட்டோ ரிவேர்ஸ் செட். சில செக்கன்களுக்கு ஒரு தரம் 'டக்' என்று பக்கம் மாறும், பிறகு கசெட்டை வெளியே துப்பும். கிண்ணியாப் பாலம் தாண்டுவதற்குள் மூன்று தரம் துப்பியது. 396 மீற்றர் பாலம்தான்!

நான் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வைத்திருக்கிறேன். லைட்டர் துளையில் குத்தினால் போதும். போனில் இருந்து புளூடூத்தில் வாங்கி எஃப்எம்மில் விடும், செட்டின் ரேடியோ அதை எடுக்கும். ஒரு திருகாணியும் கழற்றத் தேவையில்லை.

கிண்ணியா ரேடியோ திருத்துபவர்

மூதூர் தம்பி, உங்கள் காருக்கு அது சரி. உப்புவெளித் தம்பியின் செட் ஜப்பானியச் செட். அதில் எஃப்எம் 76இல் தொடங்கி 90 மெகாஹேர்ட்ஸில் முடிந்துவிடும். ஜப்பானில் 90க்கு மேல் 108 வரை அந்தக் காலத்துத் தொலைக்காட்சியின் 1, 2, 3ஆம் அலைவரிசைகள் இருந்தன. அதனால்தான் ரேடியோவை அதற்குக் கீழே வைத்தார்கள். நம் நாட்டில் 87.5இல் தொடங்கி 108 வரை. கடையில் விற்கிற டிரான்ஸ்மிட்டரும் பெரும்பாலும் 87.5இல்தான் தொடங்கும். அப்போது அந்தக் காரில் பிடிக்கக்கூடிய இடம் 87.5க்கும் 90க்கும் நடுவில் இரண்டரை மெகாஹேர்ட்ஸ் மட்டும். அதற்குள் ஒரு நிலையம் பலமாக இருந்தால் முடிந்தது கதை.

இங்கே உள்ளூர் நிலையங்கள் கேட்கிறது என்றால் அன்ரெனா வயரில் யாரோ 'பாண்ட் எக்ஸ்பாண்டர்' என்ற சின்னப் பெட்டியைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது மேலே உள்ள அலைகளைக் கீழே இறக்கிக் கொடுக்கும். அதனால் செட்டின் திரையில் தெரிகிற எண் ஒன்று, உண்மையான எண் வேறொன்று. தம்பி டிரான்ஸ்மிட்டரில் 98 வைத்துவிட்டுச் செட்டில் 98ஐத் தேடினால் வாழ்நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

இன்னொன்று. எஃப்எம் ஒலிபரப்பு 15 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் ஒலியைக் கொண்டு வராது. அதைக்கூட விடுங்கள், திருகோணமலையில் இருந்து ஹபரணை போகிற வழியில் நிலையங்கள் மாறிக்கொண்டே வரும். ஊருக்குள் காலியாக இருந்த இடத்தில் அங்கே யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். ஓடிக்கொண்டே எண்ணை மாற்றுவது நல்லதல்ல.

என் யோசனை வேறு. செட்டைத் திறந்து உள்ளேயே ஒரு ஓக்ஸ் துளை, அதாவது வெளி ஒலியை வயரால் குத்துகிற துளை, சோல்டர் பண்ணுங்கள்.

நிலாவெளி வான்

அண்ணா, உங்கள் கைவேலையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட முப்பது வருடம் பழைய செட்டுக்குள் சோல்டர் வைக்கிற நேரத்தில் புதுச் செட்டைப் பூட்டி ஊர் சுற்றி வந்துவிடலாம். புதுச் செட்டில் 50 வாட் நாலு பக்கம். பழையதில் என்ன இருக்கும்?

கிண்ணியா ரேடியோ திருத்துபவர்

இந்த 50 வாட் கணக்கைச் சொல்லித்தான் எல்லோரையும் நம்ப வைக்கிறார்கள். ஓடுகிற காரில் கிடைப்பது 14.4 வோல்ட். செட்டுக்குள் அதை உயர்த்துகிற தனிப் பகுதி இல்லையென்றால், அந்த வோல்ட்டை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒலி உடையாமல் கொடுக்கக்கூடியது கணக்கின்படியே 26 வாட்டுக்குள்தான், நடைமுறையில் 20 அளவு. புதுச் செட்டுக்கும் அதே பற்றரி, பழையதுக்கும் அதே பற்றரி. பெட்டியில் அச்சடித்தது உச்சக் கணம் ஒன்றின் எண்.

நிலாவெளி வான்

சரி, வாட்டை விட்டுவிடுகிறேன், அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் போன் அழைப்பு? பாட்டை மாற்றப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டுகிறவர்களை டொக்யார்ட் வீதியில் நான் தினமும் பார்க்கிறேன். என் வாதத்தின் மையம் அதுதான். ஒலி இரண்டாவது.

சாம்பல்தீவு

எல்லோரும் செட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஓட்டுவதும் பழைய கார்தான். அடப்டர், டிரான்ஸ்மிட்டர் இரண்டும் வாங்கினேன், இரண்டிலும் ஒரே கரகரப்பு. கடைசியில் கதவின் உட்பலகையைக் கழற்றினால் ஸ்பீக்கரின் காகிதம் ஓரத்தில் விரல் நுழைகிற அளவு கிழிந்திருந்தது, பின்னால் இரும்பு துருப்பிடித்திருந்தது. கடற்காற்று ஊரில் எந்தப் பழைய ஸ்பீக்கரையும் பார்க்காமல் நம்பாதீர்கள். உப்புவெளி அண்ணா, முதலில் ரேடியோவில் பேச்சு நிகழ்ச்சி ஒன்றைச் சத்தமாக வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கராகக் காதை வைத்துக் கேளுங்கள். ஆணின் கனத்த குரலில் கரகரப்பு வந்தால் செட்டில் குற்றம் இல்லை.

உப்புவெளி 110

சாம்பல்தீவு அக்கா சொன்னபடி செய்து பார்த்தேன். பின்னால் வலப்பக்கம் கிழிந்துதான் இருக்கிறது. மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. நன்றி.

கிண்ணியா அண்ணா, ஓக்ஸ் வேலையைக் கொஞ்சம் விளக்குங்கள். கசெட் ஹெட்டின் வயரிலேயே போன் வயரைச் சேர்த்தால் போதும் என்று ஒரு நண்பன் சொல்கிறான்.

கிண்ணியா ரேடியோ திருத்துபவர்

வேண்டாம், அதை மட்டும் செய்யாதீர்கள். ஹெட்டில் இருந்து வருவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அதற்கு அடுத்து இருக்கிற முன்பெருக்கி அதைப் பல நூறு மடங்கு பெருக்குவதோடு, நாடாவுக்கு ஏற்றபடி அடித்தொனியையும் பெரிதாகத் தூக்கிவிடும். போனின் ஒலி அதில் நுழைந்தால் தொனி உடைந்து, தகரத்துக்குள் உளுந்து கொட்டியது போல வரும்.

நீங்கள் பிடிக்க வேண்டியது முன்பெருக்கி முடிந்து, சத்தம் கூட்டிக் குறைக்கிற பகுதிக்குப் போகிற இடம். அங்கே இடம், வலம் என்று இரண்டு தடம் இருக்கும். அவற்றை வெட்டி, நடுவில் 'சுவிட்ச் உள்ள' 3.5 துளையைச் சேர்க்க வேண்டும். எதுவும் குத்தாதபோது துளைக்குள் இருக்கிற தகடு மூடியிருக்கும், கசெட்டின் ஒலி அதன் வழியாகப் போகும். வயரைக் குத்தியதும் தகடு விலகும், கசெட் ஒலி நின்று போனின் ஒலி போகும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கப்பாசிற்றர் போட மறக்காதீர்கள், செட்டின் நேர்மின்னோட்டம் போனுக்குள் வரக்கூடாது.

உவர்மலை

அண்ணா, இதில் ஒரு சங்கடம் இருக்கிறதே. செட் 'கசெட்' என்ற நிலைக்கு வர வேண்டுமென்றால் உள்ளே ஒரு கசெட் ஓட வேண்டும். கொழும்பு வரை 260 கிலோமீற்றருக்கு வெறுங்கசெட் சுற்றிக்கொண்டே இருந்தால் நாடா ஹெட்டைத் தேய்க்காதா? நீங்கள் சொல்கிற வழியிலும் நான் சொன்ன அடப்டரிலும் மோட்டர் ஓடத்தான் ஓடுகிறது. அப்புறம் எதற்குத் தடத்தை வெட்ட வேண்டும்?

கிண்ணியா ரேடியோ திருத்துபவர்

கேட்க வேண்டிய கேள்விதான். அடப்டரில் ஒலி இரண்டு ஹெட்டின் நேர்ப்பொருத்தத்தை நம்பி இருக்கிறது. ஒரு தலைமுடி அளவு சாய்ந்தாலும் உயர்ந்த ஒலி போய்விடும், ஒரு பக்கம் குறையும். குழியில் கார் விழுகிற ஒவ்வொரு தரமும் அது அசையும். நேரடித் துளையில் அந்தத் தொல்லை கிடையாது.

தேய்மானத்துக்கு உங்கள் பொருளையே கேட்கிறேன். பழுதான அடப்டர் ஒன்று இருந்தால் அதைத் திறந்து ஹெட்டையும் வயரையும் எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கிற பற்சக்கரங்கள் இருக்கட்டும். செட் அதைச் சுற்றும்போது நாடா ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ளும், ஹெட்டில் எதுவும் உரசாது. இறப்பர்ப் பட்டி காலப்போக்கில் இளகத்தான் செய்யும், அது மாற்றக்கூடியது.

உவர்மலை

என்னிடம் வயர் அறுந்த அடப்டர் இரண்டு கிடக்கிறது. தம்பி, ஒன்றை உனக்கு வைத்திருக்கிறேன். ஆனாலும் செட்டை வெட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

நிலாவெளி வான்

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாளைக்கு மனம் மாறிப் புதுச் செட் பூட்டுவதென்றால் காரின் வயரை வெட்டவே வெட்டாதே. டொயோட்டாவின் 10 முள், 6 முள் பிளக்குக்குப் பொருந்துகிற இடைவயர் இருக்கிறது, அதை வாங்கு. டொயோட்டாவின் செட் 200 மில்லிமீற்றர் அகலம், வெளிச் செட் 180. பக்கத்தில் வருகிற இடைவெளிக்குச் சட்டம் வேண்டும். இதெல்லாம் தெரியாமல் வயரை வெட்டிச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டிய வேலையால் என் வானில் ஒரு இரவு முழுக்கப் பற்றரி இறங்கியது.

உப்புவெளி 110

இரண்டு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். கிண்ணியா அண்ணா சொன்ன வழியில்தான் போனேன். சோல்டர் வேலையைத் தெரிந்த ஒருவர் செய்தார், நான் பக்கத்தில் விளக்குப் பிடித்தேன். செட்டின் மேல் தகட்டை எடுத்ததும் உள்ளே பஞ்சு போலத் தூசி, ஹெட்டின் முகத்தில் மண்ணிறத்தில் ஒரு கோடு. பாமசியில் வாங்கிய ஸ்பிரிட்டைக் காது துடைக்கிற பஞ்சில் தொட்டுத் துடைத்தோம். மூன்றாவது பஞ்சுதான் வெள்ளையாக வந்தது.

துளையைச் சாம்பல் தட்டுக்குள் வைத்தோம், மூடினால் வெளியே தெரியாது. உவர்மலை அண்ணாவின் அடப்டர் உள்ளே சுற்றுகிறது. முதல் நாள் ஒரு தொல்லை வந்தது. போன் பாட்டை வாங்கி ஓக்ஸ் துளைக்குக் கொடுக்கிற சின்ன புளூடூத் ரிசீவரை லைட்டர் துளையில் இருந்து மின்சாரம் எடுக்க வைத்தால் எஞ்சின் வேகத்தோடு 'ங்ஙீ' என்ற ஒலி ஏறி இறங்கியது. மின்சாரத்தைப் பிடுங்கினால் நிற்கிறது.

கிண்ணியா ரேடியோ திருத்துபவர்

செட்டுக்கு ஒரு எர்த், லைட்டர் துளைக்கு வேறு எர்த். இரண்டுக்கும் நடுவில், எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தருகிற ஓல்ரனேட்டரின் ஒலி சுற்றி வருகிறது. ஓக்ஸ் வயரின் நடுவில் 'கிரவுண்ட் லூப் ஐசொலேற்றர்' போடுங்கள். உள்ளே இரண்டு சிறிய டிரான்ஸ்போமர், வேறொன்றும் இல்லை.

உப்புவெளி 110

போட்டேன், நின்றுவிட்டது. பின் ஸ்பீக்கர் இரண்டையும் மாற்றிவிட்டேன். நேற்று மாலை நிலாவெளி வரை போய் வந்தோம். போகும்போது போனில் இருந்த பாட்டு. திரும்பும்போது அம்மா கேட்டார் என்று வயரைப் பிடுங்கி, அடப்டரை எடுத்துவிட்டு, அப்பா ரேடியோவில் இருந்து பதிந்த கசெட் ஒன்றைப் போட்டேன். பாட்டுக்கு நடுவில் அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் அப்பா நிறுத்திய 'டக்' ஒலி அப்படியே இருக்கிறது. அம்மா அந்தப் பக்கம் முடியும் வரை பேசவில்லை.

நிலாவெளி வான்

கேட்க நன்றாக இருக்கிறது தம்பி. ஆனாலும் அழைப்பு வந்தால் என்ன செய்கிறாய்?

உப்புவெளி 110

ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறேன் அண்ணா. பாட்டு வரிசையைப் புறப்படும் முன்பே வைத்துவிடுகிறேன், போன் பின் இருக்கைப் பையில். நீங்கள் சொன்னதால்தான் அந்தப் பழக்கம் வந்தது.