புதுப்பிப்பு: அம்மாவின் பிப் முடிவை எதிர்த்துக் கேட்கிறோம்

முடக்குவாதம் உள்ள அம்மாவுக்கு, நோயாலோ ஊனத்தாலோ சிரமப்படுகிறவர்களுக்கு பிரிட்டன் அரசு தரும் பிப் (PIP) உதவித்தொகையில் அன்றாட வாழ்வுப் பிரிவுக்கு 9 புள்ளி போட்டு சாதாரணத் தொகை மட்டும் கொடுத்தார்கள். எதிர்க்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். “இருப்பதும் போய்விடும்” என்றீர்கள் பலர். நியாயமான பயம்தான். மறுபரிசீலனையில் எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்கலாம்; 2 புள்ளி குறைந்தால் 7, அதாவது 8-க்குக் கீழே, ஒன்றும் கிடையாது.

அப்புறம் போன் பண்ணி மதிப்பீட்டு அறிக்கையை வரவழைத்தோம். “தடித்த பிடியுள்ள கத்தி இருந்தால் சமைப்பார்” என்று எழுதி 2 புள்ளி. எங்கள் வீட்டில் காய் நறுக்குவதும் குக்கரை இறக்குவதும் அப்பா! ஆள் துணை வேண்டுமென்றால் அதற்கு 4. ப்ளவுஸ் கொக்கி மாட்டுவதும் அவர்தான், அதற்கும் கருவி போதும் என்று 2 போட்டிருக்கிறார்கள். மேலுடம்புக்கு ஆள் உதவி என்றால் 4. இரண்டும் திருந்தினால் 13. கூடுதல் தொகைக்கு 12 போதும். மீதி, குளியலுக்கு 3, கழிப்பறைக்கு 2. அவற்றுக்கு மருத்துவமனைக் கடிதமே இருப்பதால் துணிந்துவிட்டோம்.

ஒரு மாதக் கெடுவுக்குள் மறுபரிசீலனை கேட்டு எங்கள் கடிதம் போய்விட்டது. ஒரு வேலையைப் பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்தில் செய்ய முடிந்தால்தான் ‘முடியும்’ என்று கணக்கு, அதைத்தான் வலியுறுத்தியிருக்கிறோம்.

மறுத்தால் அடுத்தது தீர்ப்பாயம். கட்டணம் இல்லை என்று சொல்லியும், “கோர்ட்டுக்கெல்லாம் நான் வரமாட்டேன்” என்கிறார் அம்மா. பதில் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.