மணலில் விழுந்த பால் பல்

குழு: எங்கள் பெரிய வீடு
ஞாயிற்றுக்கிழமை

கவிதா, மாலை 4.10
யாழினிக்கு முதல் பால் பல் விழுந்துவிட்டது. ஆனால் பல் கையில் இல்லை. பக்கத்து மனையில் கொட்டி வைத்திருக்கும் ஆற்று மணலில் விளையாடும்போது விழுந்திருக்கிறது. அரை மணி நேரமாகத் தேடுகிறோம். குழந்தை அழுதுகொண்டே இருக்கிறாள்.

பாட்டி, 4.13
முதல் பல் அல்லவா, விட்டுவிடாதீர்கள். சாணியில் பொதிந்து கூரை மேல் எறிந்தால்தான் அடுத்த பல் வரிசையாக முளைக்கும்.

முருகேசன், 4.15
ஒரு பல்லுக்காக மணல் குவியலையே புரட்ட வேண்டுமா? புதுப் பல் தானாக முளைக்கப் போகிறது. இருட்டுவதற்குள் குழந்தையை வீட்டுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

கண்மணி, 4.19
அண்ணா, ஒரு பல் என்று சாதாரணமாகச் சொல்லிவிடாதீர்கள். கவிதா, முதலில் கையால் கிளறுவதை நிறுத்து. கிளறக் கிளறப் பல் அடியில் போய்விடும். அவள் உட்கார்ந்திருந்த இடத்து மணலை மட்டும் வாளியில் அள்ளிக்கொள். சல்லடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீருக்குள் அமிழ்த்தி அலசு. நஸ்கலில் அப்படித்தான் எடுத்தார்கள்.

கவிதா, 4.20
நஸ்கல் எங்கே இருக்கிறது அண்ணி?

கண்மணி, 4.26
தெலங்கானாவில், விகாராபாத் பக்கத்தில் ஒரு கிராமம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், கிரெடேசியஸ் என்னும் டைனோசர்களின் கடைசிக் காலத்தில், தக்காணம் முழுக்க எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி உறைந்தது. ஒரு குழம்புக்கும் அடுத்த குழம்புக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. அந்த இடைவெளிகளில் குளம் தேங்கியது, மரம் வளர்ந்தது, தவளையும் மீனும் பல்லியும் வாழ்ந்தன. அந்தக் குளத்துச் சேறுதான் இன்று நஸ்கலில் இரண்டு எரிமலைப் பாறைகளுக்கு நடுவே படிவமாக இருக்கிறது. அதை அள்ளி, ஊறவைத்து, நுண்ணிய சல்லடையில் அலசி, மிஞ்சியதைக் காயவைத்து, நுண்ணோக்கியில் ஒவ்வொரு துணுக்காகப் பார்த்தார்கள். கடுகளவுப் பற்கள் கிடைத்தன. பாலூட்டியின் பற்கள்! இந்தியாவில் கிரெடேசியஸ் காலப் பாலூட்டி கிடைத்தது அதுவே முதல் முறை. 1988இல் பிரசாத், அசோக் சாஹ்னி என்ற தொல்லுயிர் ஆய்வாளர்கள் அதை அறிவித்தார்கள். அந்தப் பாலூட்டிக்கு டெக்கனோலெஸ்டெஸ் என்று பெயர். தக்காணத்துத் திருடன் என்று பொருள்.

முருகேசன், 4.28
மும்பையிலிருந்து புணே போகும் ரயிலில் படிப்படியாகக் கறுப்புப் பாறை மலைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழம்புதானா?

கண்மணி, 4.29
அதேதான் அண்ணா.

பாட்டி, 4.31
அரிசியில் கல் அரிப்பது போலத்தானே சொல்கிறாய்?

கண்மணி, 4.32
கிட்டத்தட்ட அதேதான் அம்மா.

பாட்டி, 4.34
இல்லை, அரிப்பது வேறு, சலிப்பது வேறு. கவிதா, மாவு சலிக்கும் சல்லடையை எடுக்காதே அம்மா. பரணில் பழைய புடைப்புச் சாமான்களோடு ஓர் இரும்புச் சல்லடை இருக்கிறது. அதை எடுத்துக்கொள்.

முருகேசன், 4.37
கண்மணி, உண்மையிலேயே கேட்கிறேன். கடுகளவுப் பல்லை வைத்துக்கொண்டு ஒரு விலங்கையே எப்படிச் சொல்ல முடியும்?

கண்மணி, 4.46
பல்லின் மேலிருக்கும் எனாமல்தான் உடம்பிலேயே கடினமான பொருள். எலும்பெல்லாம் நொறுங்கிப் போன பிறகும் அது நிற்கும். அதைவிடப் பெரிய காரணம், பாலூட்டியின் கடைவாய்ப் பல்லில் மேடும் பள்ளமும் இருக்கின்றன. மேல் பல்லின் மேடு கீழ்ப் பல்லின் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் அந்த மேடு பள்ளம் தனி. ஒரே ஒரு கடைவாய்ப் பல் கிடைத்தாலும் இன்ன குடும்பம், இன்ன உணவு என்று பேச முடிகிறது. டெக்கனோலெஸ்டெஸ் எலியளவுதான் இருந்தது, பூச்சி தின்றது. பின்னால் கணுக்கால் எலும்புகளும் கிடைத்தன. மரம் ஏறும் பிராணியின் கணுக்கால் போல இருக்கின்றன.

செந்தில், 4.50
அக்கா, யாழினி கேட்கச் சொல்கிறாள். டைனோசருக்குப் பால் பல் விழுமா?

கண்மணி, 4.58
யாழினிக் கண்ணு, டைனோசருக்குப் பால் பல்லே கிடையாது! முதலைக்கு இருப்பது போல வாழ்நாள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருந்தது. டிப்ளோடோகஸ் என்ற பெரிய டைனோசருக்கு ஒவ்வோர் இடத்திலும் ஏறக்குறைய 35 நாளுக்கு ஒரு புதுப் பல். இரண்டே முறை பல் முளைப்பது நம் பாலூட்டிக் கூட்டத்தின் அடையாளம். பல் மாறிக்கொண்டே இருந்தால் மேலும் கீழும் பொருந்தாது அல்லவா? பிறந்த குழந்தை பால் குடித்து வளர்கிறது, அதற்குப் பல் அவசரமில்லை. தாடை ஓரளவு வளர்ந்த பிறகு முளைத்தால் போதும். அதனால்தான் இரண்டு வரிசையோடு நிறுத்திக்கொள்ள முடிந்தது என்று கருதுகிறார்கள். நாம் பால் பல் என்று சொல்கிறோமே, எவ்வளவு சரியான பெயர்!
வேல்ஸ் நாட்டுச் சுண்ணாம்புக் குவாரிகளில் மோர்கனுகோடன் என்று, பாலூட்டிகளின் மிகப் பழைய உறவான ஒரு குட்டிப் பிராணி கிடைத்தது. சுமார் 20 கோடி ஆண்டுப் பழையது. அதற்கே உன்னைப் போல் பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்திருக்கிறது.

கண்மணி, 5.03
இதையும் சொல்லிவிடுகிறேன். மரத்துக்கு ஆண்டு வளையம் இருப்பது போலப் பல்லின் வேரைச் சுற்றியும் ஆண்டுக்கொரு வளையம் படிகிறது. மோர்கனுகோடன் பற்களை உடைக்காமல் சக்திவாய்ந்த எக்ஸ் கதிரில் பார்த்து எண்ணினார்கள். 2020இல் முடிவு வந்தது. 14 ஆண்டுவரை வாழ்ந்திருக்கிறது! இன்றைய எலி இரண்டு மூன்று ஆண்டு இருந்தாலே அதிகம். நம்மைப் போல் உணவை வேகமாக எரித்துச் சக்தியாக்கும் உடம்பு அதற்கு இல்லை, ஊர்வனவற்றின் நிதானத்தில் வாழ்ந்திருக்கிறது. என் வகுப்பில் இதைச் சொன்ன அன்று மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

செந்தில், 5.06
அந்தக் காலப் பாலூட்டிகள் டைனோசரின் காலடியில் பயந்து ஒளிந்திருந்தவை என்றுதான் நாங்கள் படித்தோம்.

கண்மணி, 5.11
அப்படிச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சீனாவின் லியாவோனிங்கில் ரெபெனோமாமஸ் என்று ஒரு பாலூட்டி. அதன் வயிற்றுக்குள் ஒரு குட்டி டைனோசரின் எலும்புகள் இருந்தன. 2005இல் வெளியானது. 2023இல் இன்னொன்று. எரிமலைச் சேறு ஒரு ரெபெனோமாமஸையும் ஒரு டைனோசரையும் ஒன்றாக மூடியிருக்கிறது. தன்னைவிடப் பெரிய டைனோசரின் தாடையை அது கையால் பற்றியிருக்கிறது, பல் விலா எலும்பைக் கடித்தபடியே இருக்கிறது. ஒளிந்தவையும் இருந்தன, நீந்தியவையும் மரம் ஏறியவையும் வேட்டையாடியவையும் இருந்தன.

கவிதா, 5.24
மூன்றாவது வாளி. சல்லடையில் நான்கு நத்தை ஓடு, ஒரு கண்ணாடித் துண்டு, பிறகு

கவிதா, 5.24
பல்! கிடைத்துவிட்டது!

முருகேசன், 5.25
படம் அனுப்பு அம்மா. பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

கவிதா, 5.28
[படம்]
அடிப்பக்கம் குழியாக இருக்கிறது. வேர் உடைந்துவிட்டதா அண்ணி?

கண்மணி, 5.30
உடையவில்லை. கீழிருந்து வரும் புதுப் பல் அந்த வேரைக் கரைத்துவிட்டது. விளிம்பு சொரசொரப்பாக இருக்கிறது பார், கரைந்த இடம் அதுதான். சனிக்கிழமை உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வருகிறேன். அதுவரை எறிந்துவிடாதீர்கள்.

செந்தில், 5.32
யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு நத்தை ஓடுகளையும் எண்ணி வைத்துவிட்டாள். அத்தை வரும்போது அவற்றையும் பார்க்க வேண்டுமாம்.

பாட்டி, 5.36
சரி, கண்மணி பார்த்த பிறகு எறியலாம். அதுவரை என்னுடைய பழைய குங்குமச் சிமிழில் போட்டு மூடி வை. சல்லடையைக் கழுவி வெயிலில் காயவைக்க மறக்காதே.